கிராமப் பஞ்சாயத்துத் தேர்தலுக்கு நிற்பது எவ்வாறு?

பஞ்சாயத்துத் தேர்தல் என்ற பேச்செழுந்த மாத்திரத்தில், "அதற்கு நமக்கு ஏது சக்தி?" என்று ஒதுங்கிக்கொள்வோர் நம் கிராமங்களில் அநேகர். பணமும் ஆள்பலமும் உள்ளவர்களே அதற்கு நிற்கத் தக்கவர்கள் என்னும் எண்ணம் ஜனங்களின் மனத்தில் ஆழ வேரூன்றியிருக்கிறது. சட்டத்தைப் பார்த்தால் அதற்கு ஆதாரம் யாதொன்றும் இல்லை. 2019, 2021 ஆகிய ஆண்டுகளில் தமிழ்நாட்டில் நடந்த தேர்தல்களில், கிராமப் பஞ்சாயத்தின் வார்டு அங்கத்தினர் பதவிக்கு நின்றவர் கட்டவேண்டியிருந்த டிபாசிட் ரூ. 200, தலைவர் பதவிக்கு ரூ. 600. ஆதி திராவிடருக்கும் பழங்குடியினருக்கும் இதில் பாதியே. ஓர் ஆட்டுக்குட்டியின் விலைகூட ஆகாத தொகை இது. ஏழை ஒருவனைத் தடுத்து நிறுத்துவன வேறு இரண்டு. ஒன்று, காகித விஷயங்களில் அவன் காட்டும் அஜாக்கிரதை. மற்றொன்று, ஊர்ப் பெரியதனக்காரர்கள் தேர்தலுக்கு முன்னரே தங்களுக்குள் செய்துகொள்ளும் இரகசிய ஏற்பாடு. இவ்விரண்டையும் எதிர்க்கத் தேர்தல் விதிகளை அறிந்திருப்பதே முதல் ஆயுதமாதலின், அவற்றை இங்கே சற்று விரித்துரைப்போம்.

1994-ஆம் ஆண்டுத் தமிழ்நாடு பஞ்சாயத்துச் சட்டத்தின்படி கிராமாந்தர ஸ்தல ஸ்தாபனங்கள் மூன்று படிகளாக அமைந்துள்ளன. கிராமப் பஞ்சாயத்து, அதற்கு மேல் பஞ்சாயத்து யூனியன், அதற்கும் மேல் ஜில்லாப் பஞ்சாயத்து. கிராமவாசி ஒருவர் சாவடிக்குப் போனால் நான்கு வாக்குகள் அளிக்கிறார்: தம் வார்டு அங்கத்தினருக்கு ஒன்று, பஞ்சாயத்துத் தலைவருக்கு ஒன்று, யூனியன் அங்கத்தினருக்கு ஒன்று, ஜில்லா அங்கத்தினருக்கு ஒன்று. மேல் இரண்டு படிகளில் கட்சிகள் தத்தம் சின்னங்களில் அபேட்சகர்களை, அதாவது இக்காலத்தார் வேட்பாளர் என்பவர்களை, நிறுத்துகின்றன. கிராமப் பஞ்சாயத்தின் இரு பதவிகளிலும் கட்சிச் சின்னத்துக்கு இடமில்லை. எனவே கட்சியின் தயவு இல்லாத சாதாரணக் குடியானவரும், கூலி வேலை செய்யும் ஸ்திரீயும் நேரே நிற்கத் தகுந்த இடம் இதுவே. இக்கட்டுரையும் இவ்விரு பதவிகளைப் பற்றியதே.

நிற்க விரும்புவோர் முதலில் பார்க்கவேண்டியது வாக்காளர் ஜாபிதா. சட்டசபைத் தேர்தலுக்குரிய ஜாபிதாவைத் தழுவியே பஞ்சாயத்து ஜாபிதா வார்டு வாரியாகத் தயாரிக்கப்படுகிறது. அதில் தம் பெயர் இருக்கிறதா, எழுத்துப் பிழையின்றி இருக்கிறதா, எந்த வார்டில் எந்த எண்ணில் இருக்கிறது என்பவற்றைத் தேர்தல் அறிவிப்பு வருமுன்னரே கண்டுகொள்ள வேண்டும். பிழைப்பைத் தேடித் திருப்பூருக்கோ சென்னைக்கோ போய் அங்கே பெயரைப் பதிந்துகொண்டவர், ஊரில் வீடும் நிலமும் இருக்கின்றனவே என்று நின்றால் மனு தள்ளுபடியாகும். வாக்களிக்க 18 வயது போதும். அபேட்சகருக்கோ 21 வயது நிரம்பியிருத்தல் வேண்டும்.

அடுத்தது தகுதியின்மை. சர்க்கார் உத்தியோகத்தில் இருப்பவர் நிற்க முடியாது. பஞ்சாயத்தோடு குத்தகையோ கட்டட ஒப்பந்தமோ நடப்பில் வைத்திருப்பவரும் நிற்க முடியாது. பஞ்சாயத்துக்குச் சேரவேண்டிய பாக்கியைக் கேட்டு நோட்டீஸ் வந்தும் கெடுவுக்குள் கட்டாதவருக்கும் தடை உண்டு. ஆட்சேபம் சொல்ல வருபவர் முதலில் கிளறுவது இந்தப் பாக்கியைத்தான். வீட்டு வரி, குடிநீர்க் கட்டணம் ஆகியவற்றை முழுவதும் செலுத்தி, ரசீதைப் பத்திரப்படுத்திக்கொள்வது நலம். சில நூறு ரூபாய் பாக்கிக்காகப் பதவியை இழப்பது யாருக்கும் அழகன்று.

இனி, ஒதுக்கீடு. ஆதி திராவிடருக்கும் பழங்குடியினருக்கும் ஜனத்தொகை விகிதப்படி பதவிகள் ஒதுக்கப்படுகின்றன. பெண்களுக்கு மூன்றில் ஒரு பங்கு என்றிருந்ததை 2016-ஆம் ஆண்டில் பாதியாக உயர்த்தினர். இவ்வொதுக்கீடு சுழற்சி முறையில் மாறுவது. ஆகவே சென்ற தேர்தலில் தம் வார்டு யாருக்கு ஒதுக்கப்பட்டிருந்தது என்பதை வைத்துக் கணக்கிடாமல், புதிய அறிவிக்கையைப் பார்த்தே முடிவு செய்ய வேண்டும். ஒதுக்கப்பட்ட பதவிக்கு நிற்போர் சாதிச் சான்றிதழை முன்கூட்டியே வாங்கி வைத்தல் அவசியம். கடைசி நாளில் தாலுக்கா கச்சேரி வாசலில் நின்று பயனில்லை.

ஒதுக்கீட்டை ஏற்க மனமில்லாத ஊர்களில் நடந்தவை நம் நாட்டுக்குப் பெருமை தருவன அல்ல. மதுரை ஜில்லா மேலவளவில் 1996-இல் தலைவர் பதவி ஆதி திராவிடருக்கு ஒதுக்கப்பட்டது. தலைவராகத் தேர்ந்தெடுக்கப்பட்ட முருகேசனும் அவரைச் சேர்ந்த ஐவரும் 1997-ஆம் ஆண்டு ஜூன் 30-ஆம் தேதி பஸ்ஸில் ஊர் திரும்பும் வழியில் கொலையுண்டார்கள். அதே ஜில்லாவின் பாப்பாப்பட்டி, கீரிப்பட்டி, நாட்டார்மங்கலம் ஆகிய ஊர்களிலும், விருதுநகர் ஜில்லாவின் கொட்டகச்சியேந்தலிலும் பத்தாண்டுகள் வரை பதவி வெற்றிடமாகவே கிடந்தது; யாரும் மனுக் கொடுக்கவில்லை, அல்லது வென்றவர் உடனே ராஜினாமாச் செய்தார். 2006-ஆம் ஆண்டில்தான் அங்கெல்லாம் தேர்தல் முறையாக நடந்து, வென்றவர்கள் பதவியில் அமர்ந்தனர். இத்தகைய மிரட்டலுக்கு ஆளாகக் கூடியவர் மனுவைத் தனியே கொண்டுபோய்க் கொடுத்தல் கூடாது. நம்பிக்கையான சாட்சிகளோடு செல்வதும், மிரட்டல் வந்தால் அன்றைக்கே போலீசாருக்கும் ஜில்லா கலெக்டருக்கும் எழுத்து மூலம் புகார் செய்து நகல் வைத்துக்கொள்வதும் வேண்டும். வாய்மொழிப் புகார் காற்றோடு போகும்.

பெண்களுக்குரிய பதவி பற்றியும் ஒரு வார்த்தை. மனைவியை நிறுத்திவிட்டு நாற்காலியில் தாம் அமரும் கணவர்கள் பலரை நாம் கண்டிருக்கிறோம். பஞ்சாயத்தின் நிர்வாக அதிகாரம் சட்டப்படி தலைவரையே சார்ந்தது. காசோலையில் விழுவது தலைவரின் கையெழுத்து. தணிக்கையில் குற்றம் கண்டால் பதில் சொல்ல வேண்டியவளும் அவளே. பிறர் செய்த செலவுக்குத் தான் பொறுப்பேற்க எந்தப் பெண்மணியும் உடன்படலாகாது.

வேட்புமனுவைத் தாக்கல் செய்யக் கிடைக்கும் காலம் மிகச் சுருக்கம். 2019-ஆம் ஆண்டில் டிசம்பர் 9-இல் தொடங்கி 16-இல் முடிந்தது, 17-இல் பரிசீலனை, 19-இல் வாபஸ் பெறக் கடைசி நாள், 27, 30 ஆகிய தேதிகளில் வாக்குப்பதிவு. அறிவிப்பைப் பார்த்த பின்பு ஆயத்தம் தொடங்குபவர் பிந்தியவரே. முன்மொழிபவர் அப்பதவிக்குரிய தொகுதியின் வாக்காளராக இருத்தல் வேண்டும். வார்டுப் பதவியாயின் அந்த வார்டிலேயே பெயர் உள்ளவராக இருக்க வேண்டும். அடுத்த தெருக்காரர் நல்லவர் என்பதற்காக அவரை அழைத்துப்போய், அத்தெரு வேறு வார்டைச் சேர்ந்தது என்று பரிசீலனையின்போது அறிவது விபரீதம். சொத்து, கடன், படிப்பு, கிரிமினல் வழக்கு ஆகியவற்றைத் தெரிவிக்கும் உறுதிமொழிப் பத்திரத்தில் எந்தக் கட்டத்தையும் வெறுமையாக விடாமல், ஒன்றுமில்லையாயின் "இல்லை" என்றே எழுதுக. மனுவைக் கொடுத்ததும் அதற்குரிய ரசீதையும் பரிசீலனை நேரக் குறிப்பையும் வாங்கிக்கொண்டே திரும்ப வேண்டும். கடைசி நாள் பிற்பகல் வரை காத்திராமல் இரண்டொரு நாள் முன்பே கொடுத்தால், குறை இருந்தாலும் மறு மனுக் கொடுக்க அவகாசம் இருக்கும். பரிசீலனைக்கு நேரில் செல்லுதல் நன்று. ஆட்சேபம் எழுந்தால் வாக்காளர் ஜாபிதாவும் வரி ரசீதும் கையிலிருப்பவரே பதில் சொல்ல வல்லவர்.

மனுத் தாக்கலுக்கும் வாபஸ் நாளுக்கும் இடையேதான் பல ஊர்களில் உண்மையான தேர்தல் நடந்து முடிந்துவிடுகிறது. கோயில் வாசலில் கூட்டம் கூடும். "ஊருக்குள் பகை வேண்டாம், ஒருமனதாக ஒருவரைத் தேர்வோம்" என்பார்கள். பிறகு, கோயில் திருப்பணிக்கு யார் அதிகம் கொடுக்கிறாரோ அவருக்கே பதவி என்று ஏலம் விடுவார்கள். மற்றவர்கள் மனுவைத் திரும்பப் பெற வேண்டும். பெறாவிட்டால் ஊர்க் கட்டுப்பாடு. ஒருமனம் என்பது நல்ல வார்த்தை. போட்டியின்றித் தெரிந்தெடுக்கப்படுவதும் சட்டத்துக்கு உடன்பாடே. 2019-ஆம் ஆண்டுத் தேர்தலில் 18,000-க்கு மேற்பட்ட வார்டு அங்கத்தினர் அவ்வாறு வந்தவர்களே. அவற்றுள் பல, சிறு வார்டுகளில் வேறொருவரும் விரும்பாததால் நேர்ந்தவை. குற்றம் சொல்ல இடமில்லை. ஏலத்தின் கதி வேறு. தேர்தலுக்கு நிற்பதும், நில்லாதிருப்பதும், விலகுவதும், வாக்களிப்பதும் யாவும் ஒருவரின் தேர்தல் உரிமை என்றும், அவ்வுரிமையைக் குறித்துப் பணம் கொடுப்பதும் வாங்குவதும் லஞ்சம் என்றும் 1920-ஆம் ஆண்டிலேயே இந்தியத் தண்டனைச் சட்டத்தில் சேர்த்தார்கள். 2024-ஆம் ஆண்டு ஜூலை முதல் அதற்குப் பதிலாக அமலுக்கு வந்த பாரதிய நியாய சன்ஹிதையிலும் அவ்விதி அப்படியே இருக்கிறது. பணம் கோயிலுக்குப் போனாலும் பள்ளிக்கூடத்துக்குப் போனாலும், பிறரை விலகச் செய்வதற்காகக் கொடுத்தது லஞ்சமேயாம்.

ஏலத்தால் நேரும் நஷ்டத்தையும் எண்ணிப் பார்க்க வேண்டும். பல லட்சம் கொடுத்துப் பதவியை எடுத்தவர் அதை எங்கிருந்து மீட்பார்? குடிநீர்க் குழாயிலும் தெரு விளக்கிலும் வடிகாலிலுமே மீட்க வேண்டும். அந்தக் கூட்டத்தில் பேச இடமே இல்லாதவர்கள் பெண்களும் சேரிவாசிகளும். வாக்குச் சாவடியிலோ அவர்களுக்கும் பெரிய பண்ணையாருக்கும் ஒரே அளவு வாக்கு. ஆகையால், ஏலத்தை ஏற்க மனமில்லாதவர் செய்யத்தக்கது எளிது: மனுவை வாபஸ் பெறாமலிருத்தல். இரண்டு மனு நின்றால் வாக்குப்பதிவு நடந்தே தீரும். அவருடைய கையெழுத்தின்றி அவர் மனுவை வேறொருவர் திரும்பப் பெற விதியில்லை.

வாக்குச் சேகரிப்பில் பெரிய உபாயம் எதுவும் கிடையாது. வீடு வீடாகச் செல்வதே சிறந்தது. ஒரு வார்டில் வாக்காளர் சில நூறு பேரே. ஒரு வாரத்தில் எல்லா வீட்டுக்கும் இருமுறை போகலாம். என்ன செய்வேன் என்று சொல்லும்போது பஞ்சாயத்தின் அதிகாரத்துக்கு உட்பட்டதையே சொல்லுக. குடிநீர், தெரு விளக்கு, தெருவும் வடிகாலும், துப்புரவு, சுடுகாட்டுப் பாதை ஆகியவை பஞ்சாயத்தின் கடமைகள். தாலுக்கா ஆஸ்பத்திரி கட்டித் தருவதாகச் சொல்பவரை நம்பவேண்டாம். சாதியையோ மதத்தையோ காட்டி வாக்குக் கேட்பதும், வாக்காளரை வண்டி வைத்து ஏற்றிச் செல்வதும் முறைகேடுகளாகும்.

வாக்களிக்கும் விதத்தைக் கற்பித்தலும் அபேட்சகரின் வேலையே. 2019-இல் கிராமங்களில் வாக்குச் சீட்டும் பெட்டியுமே உபயோகிக்கப்பட்டன. வார்டுக்கு வெள்ளைச் சீட்டு, இரு வார்டுகளுக்கு ஒரே சாவடியான இடத்தில் மற்றொன்றுக்கு நீலம். தலைவருக்கு இளஞ்சிவப்பு, யூனியனுக்குப் பச்சை, ஜில்லாவுக்கு மஞ்சள். நான்கு சீட்டுகளை ஒருங்கே கையில் பெற்ற முதியவர்கள் தடுமாறுவது இயல்பு. கோட்டின் மேல் முத்திரை விழுந்தாலும், ஒரு சீட்டில் இரண்டு முத்திரை இட்டாலும் வாக்குக் கெட்டுப் போகலாம். ஒரு வாக்கில் வெற்றி தோல்வி தீரும் இடத்தில் இது சிறு விஷயமன்று. இருவரும் சமமாக வாக்குப் பெற்றால் திருவுளச் சீட்டே தீர்மானிக்கும்.

கடைசியாக, கணக்கு. 2019-இல் வார்டு அபேட்சகர் செலவிடத்தக்க உச்ச வரம்பு ரூ. 9,000, தலைவர் பதவிக்கு ரூ. 34,000. தேநீர்ச் செலவு முதற்கொண்டு அன்றன்றே குறித்து, ரசீது சேர்த்து வைத்து, முடிவு அறிவித்த 30 நாட்களுக்குள் கணக்கைத் தாக்கல் செய்ய வேண்டும். உத்தரமேரூரில் முதலாம் பராந்தக சோழன் காலத்தில், ஏறக்குறைய கி.பி. 920-இல் பொறித்த கல்வெட்டுகளைப் பலரும் மேடையில் புகழ்வார்கள். அது பிராமணர் சபைக்கு மட்டும் உரிய குடவோலை முறை. பொதுவாகக் கால்வேலி நிலத்துக்கு மேல் உடையவர்க்கே அதில் இடம் என்பதை அவர்கள் சொல்வதில்லை. எனினும் அதில் ஒரு விதி இன்றைக்கும் பொருந்தும்: முன்பு வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாதவரும், அவருடைய நெருங்கிய உறவினரும் குடத்தில் ஓலையிடப் பெறார். இக்காலச் சட்டம் உறவினரை விட்டுவிட்டது. கணக்குக் கொடாதவரை மூன்றாண்டுகளுக்கு விலக்குகிறது. தோற்றவருக்கும் இது பொருந்தும். தோல்வியின் சலிப்பில் கணக்கை மறந்து, அடுத்த தேர்தலில் நிற்கும் தகுதியை இழப்போர் உண்டு. வென்றவர் பதவிப் பிரமாணம் எடுத்தபின், வார்டு அங்கத்தினர் கூடி உபதலைவரைத் தேர்ந்தெடுப்பர். தலைவரும் உபதலைவரும் சேர்ந்து கையெழுத்திட்டாலன்றிக் காசோலை செல்லாது. ஆதலின் வார்டுகளுக்குத் தேர்ந்து வந்தவர் யார் யார் என்பதைத் தலைவர் பதவிக்கு நிற்பவரும் அலட்சியம் செய்தல் கூடாது.