ஆண்டிஸ் மலை யார் பக்கம்?

தென் அமெரிக்காவில் சிலியையும் அர்ஜென்டினாவையும் பிரிக்கும் எல்லை சுமார் 5,300 கிலோமீட்டர் நீளம். அதில் பெரும்பகுதி ஆண்டிஸ் மலைமுகடுகளை ஒட்டியே போகிறது. பள்ளியில் மழை மறைவுப் பிரதேசத்தைப் பற்றிப் படித்தவர்கள், மலைக்கு ஒரு பக்கம் செழிப்பும் மறுபக்கம் வறட்சியும் இருக்கும் என்று ஊகித்துவிடுவார்கள். ஊகம் சரிதான். ஆனால் செழிப்பு எந்த நாட்டுக்கு என்பது வடக்கே ஒரு விதம், தெற்கே நேர் எதிர் விதம். மலை ஒன்றுதான், காற்றின் திசை மாறிவிடுகிறது.

வடக்கே ஈரக்காற்று கிழக்கிலிருந்து வருகிறது. அர்ஜென்டினாவின் துக்குமான் பகுதியில் மலைச்சரிவெல்லாம் அடர்காடு, அடிவாரத்தில் கரும்பு வயல்கள். மலையைத் தாண்டினால் சிலியின் அட்டகாமா பாலைவனம். அங்குள்ள அரிக்கா துறைமுகத்தில் 1903 அக்டோபர் முதல் 1918 ஜனவரி வரை மழையே இல்லை. 173 மாதங்கள்! உலக வானிலை அமைப்பின் பதிவேட்டில் இதுதான் மிக நீண்ட வறட்சி.

இந்தப் பழி முழுவதையும் மலைமீது போட முடியாது. கரையோரம் ஓடும் ஹம்போல்ட் குளிர்நீரோட்டம் கடலை ஒட்டிய காற்றைக் குளிர வைக்கிறது. அதற்கு மேலே, உயர் அழுத்த மண்டலத்திலிருந்து கீழிறங்கும் காற்று வெப்பமாக இருக்கிறது. கீழே உள்ள குளிர்காற்று அதைத் துளைத்து மேலெழ முடிவதில்லை. அதனால் மூடுபனி திரளும், மழை பெய்யாது. உள்ளூர்க்காரர்கள் இந்தப் பனியை ‘காமன்சாகா’ என்கிறார்கள். பாலைவனத்துக்குத் தெற்கே உள்ள சுங்குங்கோ என்ற மீனவக் கிராமத்துக்கு 1990களில் இந்தப் பனிதான் குடிநீர் தந்தது. குன்றின்மேல் பெரிய பெரிய வலைகளைக் கட்டினார்கள். கீழே விழக்கூடக் கனமில்லாத நுண்துளிகள் வலை இழைகளில் ஒட்டி, ஒன்றோடொன்று சேர்ந்து, சொட்டுச்சொட்டாக வடிந்து, குழாய் வழியே ஊருக்கு வந்தன. அறிவியல் ஓர் ஊரின் தாகத்தை நேராகத் தீர்த்த அருமையான நிகழ்வு இது.

தெற்கே போனால் மேலைக்காற்றின் ஆட்சி. பசிபிக்கின் ஈரத்தில் பெரும்பகுதி சிலியின்மேல் கொட்டுகிறது. வால்டிவியா நகரில் ஆண்டுக்குச் சுமார் 2,000 மில்லிமீட்டர் மழை. அர்ஜென்டினா பக்கத்திலும், முகட்டை ஒட்டிய நாவெல் வாப்பி ஏரியின் மேற்கு முனையில் 3,000 மில்லிமீட்டருக்கு மேல் பெய்கிறது. அங்கிருந்து கிழக்கே நூறு கிலோமீட்டருக்குள் மரங்கள் மறைந்து, முள்புதரும் புல்லுமான படகோனியச் சமவெளி வந்துவிடுகிறது.

வெப்பநிலையிலும் அர்ஜென்டினாதான் இரு கோடிக்கும் போகிறது. ஒடுக்கமான சிலியைக் கடல் மிதமாக வைத்திருக்கிறது. தென் அமெரிக்காவின் அதிகபட்ச வெப்பமான 48.9 டிகிரியும் (1905), மிகக் கடுமையான குளிரான மைனஸ் 32.8 டிகிரியும் (1907) அர்ஜென்டினாவில் பதிவானவை.

இரு நாடுகளின் சராசரிப் பட்டியல்களை அருகருகே வைத்துப் பார்ப்பவர் ஒன்றைத் தவறவிடுவார். நடுப்பகுதியில், சிலியின் தலைநகர் சாண்டியாகோவும் அர்ஜென்டினாவின் மென்டோசாவும் ஏறத்தாழ ஒரே அட்சரேகையில் இருக்கின்றன. சாண்டியாகோவுக்குக் குளிர்கால மழை. மென்டோசாவுக்குக் கோடை இடிமழை. கூடவே ஆலங்கட்டி விழுவதால் திராட்சைத் தோட்டங்களுக்குமேல் வலை விரிக்கிறார்கள். பசிபிக் காற்று முகட்டில் பனியைக் கொட்டிவிட்டு, மறுபுறம் இறங்கும்போது கிலோமீட்டருக்கு ஏறக்குறைய 10 டிகிரி சூடேறுகிறது. ‘சோண்டா’ எனப்படும் அந்த வறண்ட காற்று வீசினால் மென்டோசாவில் குளிர்காலத்திலேயே 30 டிகிரியைத் தொடுவதுண்டு.

ஆண்டுக்கு 200 மில்லிமீட்டர் அளவே மழை பெறும் மென்டோசாவில் திராட்சை விளைவதும், தெருவோர வாய்க்கால்களில் நீர் ஓடி மரங்கள் நிழல் தருவதும் அந்த முகட்டுப் பனி உருகுவதால்தான். சாண்டியாகோவின் மைப்போ ஆற்றுக்கும் நீர் தருவது மலைப்பனியே. 2010 முதல் அந்தப் பனிப்பொழிவு தொடர்ந்து குறைந்ததில் மலையின் இரு பக்கத்து ஆறுகளும் சேர்ந்தே வற்றின. மென்டோசா ஆண்டுதோறும் தண்ணீர் நெருக்கடி அறிவித்தது. 2022 ஏப்ரலில் சாண்டியாகோவும் நகரத்துக்கான குடிநீர்ப் பங்கீட்டுத் திட்டத்தை வெளியிட்டது.