செம்பு ஏன் இவ்வளவு சுலபமாக வளைகிறது?

செம்புக் கம்பி முதல் தடவை சுலபமாக வளைகிறது. நிமிர்த்தி அதே இடத்தில் மறுபடி வளைத்தால் முரண்டு பிடிக்கிறதே, ஏன் என்று கேட்கிறார் ஒரு வாசகர். அது முதல் தடவை அவ்வளவு எளிதில் வளைவதுதான் பெரிய புதிர்.

உலோகம் நிரந்தரமாக வளையும்போது உள்ளே அணு அடுக்குகள் ஒன்றன்மேல் ஒன்று சறுக்குகின்றன. அடுக்கு முழுவதும் ஒரே சமயத்தில் சறுக்க எவ்வளவு சறுக்குப்பெயர்ச்சித் தகைவு தேவை என்று 1926இல் சோவியத் இயற்பியலாளர் ஃபிரெங்கல் கணக்கிட்டார். விறைப்புக் குணகத்தில் ஏறத்தாழ ஆறில் ஒரு பங்கு. செம்புக்கு 7 ஜிகாபாஸ்கலுக்கும் மேல். ஆனால் தூய செம்புப் படிகமோ 1 மெகாபாஸ்கல் அளவிலேயே சறுக்கத் தொடங்கிவிடுகிறது. ஆயிரக்கணக்கான மடங்கு வித்தியாசம்! 1934இல் டெய்லர், ஒரோவன், பொலான்யி மூவரும் தனித்தனியே காரணம் சொன்னார்கள். அந்தக் காரணத்தை ஒரு ஜமக்காளத்தை வைத்துப் பார்ப்போம்.

கல்யாண மண்டபத்தில் விரித்த பெரிய ஜமக்காளத்தை ஓரங்குலம் நகர்த்த வேண்டும். மொத்தமாக இழுத்தால் நாலு பேர் வேண்டும். ஒரு ஓரத்தில் சின்ன மடிப்பு எழுப்பி அதை மறு ஓரம்வரை தள்ளிக்கொண்டு போனால் ஒற்றை ஆள் போதும். படிகத்தில் அந்த மடிப்பு ஓர் அணுவரிசைப் பிசகு. பிசகு ஊர்ந்து கடக்கும்போது, எந்த நொடியிலும் ஒரு சில பிணைப்புகளே அறுந்து மறுபடி சேர்கின்றன.

ஜமக்காளத்தை இன்னும் விடப் போவதில்லை. இரு திசைகளிலிருந்து மடிப்புகள் வந்து குறுக்கிட்டால் இரண்டும் சிக்கி நின்றுவிடும். வாசகரின் கம்பியில் நடப்பது இதுதான். வளைக்க வளைக்கப் பிசகுகள் பெருகி ஒன்றையொன்று வழிமறிக்கின்றன. ஜமக்காளத்தில் ஆங்காங்கே ஆட்கள் உட்கார்ந்திருந்தாலும் மடிப்பு நகராது. செம்பில் துத்தநாக அணுக்கள் அப்படி உட்கார்ந்திருப்பதால்தான் பித்தளைக்கு அந்த உறுதி. நன்கு அடித்து இறுகிய உலோகத்தின் ஒரு கன சென்டிமீட்டரில் உள்ள பிசகுக் கோடுகளை நீட்டி வைத்தால் பத்து லட்சம் கிலோமீட்டரையும் தாண்டும். கம்பி இழுக்கும் பொற்கொல்லர் நடுநடுவே அதை நெருப்பில் காட்டுவது இந்தச் சிக்கைக் கலைக்கத்தான்.

'எஃகைவிட 200 மடங்கு வலிமை' என்று, ஓர் அணு தடிமனே உள்ள கார்பன் படலமான கிராஃபீனைப் பற்றி வந்த செய்திகளையும் இங்கிருந்தே பார்க்க வேண்டும். 2008இல் அந்த வலிமையை அளந்தது, ஏறக்குறைய ஒரு மைக்ரான் அகலத் துளைமேல் விரித்த, குறையே இல்லாத படலத்தில். அந்த அளவீடு உண்மை. ஆனால் பாலம் கட்டும் அளவுக்குப் பெரிய பொருளில் குறைகள் இல்லாமல் இராது; குறை இருந்தால் அந்த வலிமையும் இராது. அடுத்த முறை 'இத்தனை மடங்கு வலிமை' என்று படித்தால், சோதித்த துண்டு எவ்வளவு பெரியது என்று முதலில் தேடிப் பாருங்கள்.