இயந்திரத்துக்கும் மூச்சு வேண்டும்

மாரி தொடங்கிக் குளங்கள் வான் பாய்ந்தால் நமது கிராமப் பாதைகள் பலவும் ஆறாகிவிடும். நோயாளியை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகவும் விதைநெல் ஏற்றவும் ஒரே ஜீப்பைப் பல குடும்பங்கள் நம்பியிருக்கும் இடங்கள் உண்டு. இடம்பெயர்ந்து வந்து வெறுங்கையோடு கமத்தைத் தொடங்கியவர்களுக்கு, அந்த வாகனம் பழுதானால் ஒரு போகமே கைவிட்டுப் போகலாம். ஆகவே, நீரைக் கடக்கும் வாகனங்களுக்குப் பூட்டப்படும் 'ஸ்நோர்கல்' எனும் உயர்ந்த காற்றுக் குழாயைப் பற்றி இங்கே சிந்திப்போம்.

ஏன் இந்தக் குழாய்?

டீசல் எஞ்சின் காற்றை உறிஞ்சி, அதை 16 முதல் 22 இல் ஒரு பங்காக அமுக்கியே எரிபொருளைப் பற்றவைக்கிறது. காற்று அமுங்கும், தண்ணீர் அமுங்காது. காற்றோடு தண்ணீரும் உள்ளே புகுந்தால் பிஸ்டன் இடையில் முட்டி நிற்கும். அதைத் தாங்கும் தண்டு வளையும். ஜீப்புகளில் காற்று வாய் பெரும்பாலும் மட்காட் உயரத்திலேயே இருக்கிறது. ஸ்நோர்கல் அதனைக் கூரை மட்டத்துக்கு உயர்த்துகிறது. மேலே தூசி குறைவாதலால் கோடையிலும் இதனால் நன்மையுண்டு.

பூட்டும்போது

குழாய் பழைய வாயிலும் ஒடுங்கியதாக இருக்கக் கூடாது. உயரத்தைவிட மூட்டுகளே முக்கியம். ஒரு மூட்டு கசிந்தாலும் குழாய் வெறும் அலங்காரமே. எயார் கிளீனரின் அடியிலுள்ள நீர் வடியும் துவாரத்தையும் கவனிக்க வேண்டும். பூட்டிய பின், எஞ்சினை ஓடவிட்டு, குழாயின் வாயைப் பலகைத் துண்டினால் அடைத்துப் பாருங்கள். எஞ்சின் மூச்சுமுட்டி நின்றால் வேலை சரி. தொடர்ந்து ஓடினால் எங்கோ கசிவு இருக்கிறது. கியர்ப் பெட்டி, அச்சுகள் ஆகியவற்றின் மூச்சுத் துவாரங்களையும் றப்பர்க் குழாயால் உயர்த்துங்கள். அவற்றின் எண்ணெய் பால்நிறமானால் நீர் புகுந்துவிட்டது என்று அறியலாம்.

நீருக்குள் எஞ்சின் நின்றுவிட்டால் மீண்டும் ஸ்டார்ட் செய்யவே வேண்டாம். கரைக்கு இழுத்து, இன்ஜெக்டர்களைக் கழற்றி, கையால் சுழற்றி நீரை வெளியேற்றிய பின்பே மற்றவை.

குழாய் தராதது

குழாய் எஞ்சினுக்கு மூச்சுத் தரும். சில்லுக்குப் பிடிமானம் தராது. 2 அடி ஆழமான ஓடும் நீர் பெரும்பாலான வாகனங்களைத் தள்ளிவிடும். 2024 நவம்பர் 26 இல் அம்பாறை மாவட்டம் மாவடிப்பள்ளியில், மதரசா மாணவரை ஏற்றிவந்த உழவு இயந்திரத்தை வெள்ளம் அடித்துச் சென்றது. பிள்ளைகள் பலர் மாண்டனர். உழவு இயந்திரத்தின் காற்று வாய் பொதுவாக உயரத்திலேயே உள்ளது. ஆனாலும் உயரம் அங்கே உதவவில்லை.

எனவே இரண்டு வேலைகளை மாரிக்கு முன்பே, புரட்டாதியிலேயே செய்து முடிப்போம். குழாயின் மூட்டுகளைச் சோதிப்போம். ஊர்கூடித் தாம்போதியின் ஓரத்தில் அடிக்கணக்குக் குறித்த கம்பம் ஒன்றை நடுவோம். அதில் நீர் எந்தக் கோட்டைத் தாண்டினால் எவரும் இறங்குவதில்லை என்று முன்கூட்டியே தீர்மானிப்போம். அவசரம் வந்த வேளையில் அத்தீர்மானத்தை எடுப்பது கடினம். ஒருநாள் தாமதித்தாலும் நெல்லை விதைக்கலாம். போன உயிரை மீட்க முடியாது.