படப் புத்தகம் முற்றத்திற்கு வரவேண்டும்

பிள்ளையின் கல்வி, அது பாடசாலையில் சேரும் நாளில் ஆரம்பமாகின்றது என்றே எம்மில் பலர் எண்ணுகின்றோம். உண்மையில் அந்நாளில் ஆரம்பமாவது பாடசாலைக் கல்வி மாத்திரமே. எமது நாட்டில் 1945ஆம் ஆண்டு முதல் இலவசக் கல்வி நடைமுறையில் உள்ளது. 1980ஆம் ஆண்டு முதல் பாடநூல்களும் இலவசமாக வழங்கப்படுகின்றன. ஆயினும் இவ்விரு நன்மைகளும் பிள்ளையைச் சென்றடைவது தரம் ஒன்றின் வாசலில்தான். அதற்கு முந்திய ஐந்து வருடங்களில் அதன் கையில் ஒரு புத்தகம் இருந்ததா, அதை யாரேனும் மடியில் இருத்தி வாசித்துக் காட்டினார்களா என்பதை வீடே தீர்மானிக்கின்றது. ஒரே வகுப்பில் ஒரே நாளில் சேரும் இரு பிள்ளைகளிடையே காணப்படும் வேறுபாட்டின் பெரும்பகுதி இந்த ஐந்து வருடங்களில் உருவாவதே ஆகும்.

இவ்வேறுபாட்டைக் குறைப்பதற்குப் பெரும் செலவு தேவையில்லை. நாளொன்றுக்குப் பத்து நிமிடமும் ஒரு படப் புத்தகமும் போதுமானவை. ஆனால் வாசித்து முடித்ததும் புத்தகத்தை மூடிவிடாமல், அதில் கண்டதைப் பிள்ளையின் அன்றாட வாழ்வோடு தொடுத்துக் காட்டுதல் அவசியம். அத்தொடர்பு இல்லாதவிடத்துப் படப் புத்தகமும் ஒரு விளையாட்டுப் பொருளாகவே நின்றுவிடும்.

கேட்பவர் பிள்ளையாக அன்றிச் சொல்பவராக

1988ஆம் ஆண்டில் ஐக்கிய அமெரிக்காவில் குரோவர் வைட்ஹர்ஸ்ட் என்னும் உளவியலாளரும் அவருடன் பணியாற்றியோரும் ஓர் ஆய்வை வெளியிட்டனர். ஏறத்தாழ இரண்டு முதல் மூன்று வயது வரையான சிறுவர்களுக்கு அவர்களது பெற்றோர் படப் புத்தகம் வாசித்துக் காட்டினர். ஒரு சாரார் வழமைபோல் வாசித்தனர். மற்றைய சாராருக்கோ, வாசிப்பின் இடையே வினாக்களை எழுப்பவும், பிள்ளை கூறும் விடையைச் சற்று விரித்துத் திருப்பிச் சொல்லவும் பயிற்சி அளிக்கப்பட்டது. ஒரு மாத முடிவில், இரண்டாவது வகைப் பிள்ளைகள் பேச்சாற்றலில் தெளிவாக முன்னேறியிருந்தனர். எவ்வளவு வாசிக்கின்றோம் என்பதைப் போலவே எவ்விதம் வாசிக்கின்றோம் என்பதும் முக்கியம் என்பதை இது உணர்த்தியது.

இம்முறையைப் பின்பற்றுவது கடினமன்று. பிள்ளை படத்தைச் சுட்டி "ஆடு" என்று கூறினால், "ஆம், வெள்ளை ஆடு புல் மேய்கின்றது" என்று ஒரு படி கூட்டிச் சொல்லலாம். பின்னர் ஆடு என்ன செய்கின்றது, ஏன் வேலியோரம் நிற்கின்றது, அடுத்து என்ன நடக்கும் என்று வினவலாம். இறுதியாக, "எங்கள் பெரியம்மா வீட்டு ஆடும் இப்படித்தானா?" என்று கேட்கவேண்டும். இக்கடைசி வினாவிலேயே புத்தகம் முற்றத்திற்கு வருகின்றது.

தமிழ்ப் பிள்ளைக்கு உள்ள தனிச் சிக்கல்

தமிழ் பேசும் பிள்ளைக்குப் படப் புத்தகம் ஆற்றும் மற்றொரு பணியும் உண்டு. நாம் பேசும் தமிழ் வேறு, எழுதும் தமிழ் வேறு. "அவன் போறான்" என்று வீட்டில் கேட்டு வளர்ந்த பிள்ளை, பாடநூலில் "அவன் போகிறான்" என்பதை எதிர்கொள்கின்றது. தோட்டத்து லயன் அறையில் வளரும் பிள்ளையின் பேச்சும், முஸ்லிம் வீடொன்றில் உம்மா, வாப்பாவுடன் வளரும் பிள்ளையின் பேச்சும் தத்தமக்கென வளமான சொற்களைக் கொண்டவை. எனினும் அவை எழுத்துத் தமிழிலிருந்து வெவ்வேறு தூரங்களில் நிற்கின்றன. ஆகவே தரம் ஒன்றில் இப்பிள்ளைகள் எழுத்துகளையும் புதியதொரு நடையையும் ஒரே வேளையில் கற்கவேண்டியவர்களாகின்றனர்.

நாள்தோறும் படக்கதை கேட்கும் பிள்ளைக்கு அந்த நடை முன்னரே செவிக்குப் பழகிவிடுகின்றது. "குருவி கூட்டில் அமர்ந்தது" என்று புத்தகத்தில் உள்ளவாறே வாசித்துவிட்டு, அதனையே வீட்டுப் பேச்சில் ஒருமுறை சொன்னால் போதும். பிள்ளை இரண்டையும் ஏற்றுக்கொள்ளும். வீட்டுத் தமிழைப் பிழையெனத் திருத்தவேண்டியதில்லை.

பல்லேகமவின் யானை

மாத்தளையிலிருந்து இரத்தோட்டை, இலுக்கும்புர வழியாக நக்கிள்ஸ் மலைத்தொடரைக் கடந்து சென்றால் பல்லேகமவை அடையலாம். லக்கல-பல்லேகம பிரதேச செயலகப் பிரிவைச் சேர்ந்த இப்பகுதி வயலும் சேனையும் காடும் சூழ்ந்தது. வஸ்கமுவ தேசியப் பூங்காவும் தொலைவில் இல்லை. யானை இங்கு அறிமுகம் தேவைப்படாத ஒரு விலங்காகும்.

சிறுவர் படப் புத்தகங்களில் வரும் யானை பெரும்பாலும் தொப்பி அணிந்திருக்கும். முயலுடன் நட்புக் கொண்டிருக்கும். இத்தகைய பகுதியில் வளரும் பிள்ளை அப்படத்தைப் பார்த்து, "யானை சேனையை மிதிச்சிடும்" என்று சொல்லக்கூடும். "இது நல்ல யானை, பேசாமல் கேள்" என்று அவ்வேளையில் பிள்ளையை அடக்குவது தவறு. பிள்ளை தன் வாழ்வைப் புத்தகத்தோடு ஒப்பிட ஆரம்பித்துவிட்டது என்பதே அதன் பொருள். யானை ஏன் சேனைக்கு வருகின்றது, அதற்கு எங்கே நீர் கிடைக்கும், சேனையைக் காவல் காப்பவர் இரவில் என்ன செய்வார் என்று பேச்சை வளர்த்தால், ஒரு படத்திலிருந்து காடும் நீரும் பயிரும் பற்றிய பாடம் பிறக்கும். நகரத்துப் பிள்ளைக்கு இப்பாடம் கிடைப்பதில்லை. கிராமத்துப் பிள்ளையிடம் புத்தகங்கள் குறைவாக இருக்கலாம். புத்தகத்தோடு தொடுப்பதற்கு உரிய வாழ்வு அதனிடம் நிறையவே உண்டு.

அந்த வாழ்வையே புத்தகமாக்கியவர் எமது நாட்டின் சிபில் வெத்தசிங்க ஆவார். குடைத் திருடன் எனப் பொருள்படும் "குட ஹொரா" என்னும் அவரது சிங்களப் படக்கதை, குடையையே கண்டிராத கிராமத்தவர் ஒருவர் நகரில் முதன்முதலாகக் குடையைக் கண்டு வாங்கி வருவதையும், அது களவு போவதையும் கூறுகின்றது. கள்வன் ஒரு குரங்கு என்பது கதையின் சுவை. காலி மாவட்டத்துக் கிராமமொன்றில் பிறந்த ஆசிரியையின் இக்கதை பல மொழிகளில் பெயர்க்கப்பட்டு, ஜப்பானிலும் பரிசு பெற்றது. 2020ஆம் ஆண்டில் அவர் காலமான வேளையில், சிறுவர்கள் எழுதியனுப்பிய 1,250 வெவ்வேறு முடிவுகளைக் கொண்ட அவரது மற்றொரு நூல் கின்னஸ் சாதனையாக ஏற்கப்பட்டிருந்தமை குறிப்பிடத்தக்கது. பிள்ளை கதையைக் கேட்பதோடு நில்லாமல் அதை முடித்து வைக்கவும் வல்லது என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டியதில்லை.

எழுத்தறியாத தாயும் வாசிக்கலாம்

"எனக்கே வாசிக்கத் தெரியாது, பிள்ளைக்கு எப்படி வாசிப்பேன்?" என்று கேட்கும் தாய்மார் எம்மிடையே உள்ளனர். விடியற்காலையில் கொழுந்து பறிக்கச் சென்று மாலையில் களைத்துத் திரும்பும் தாய்க்கு இக்கேள்வி மேலும் பாரமானது. ஆனால் படப் புத்தகத்தில் கதையின் பாதி படத்திலேயே உள்ளது. படத்தைப் பார்த்துத் தம் சொந்தச் சொற்களில் கதை சொல்வது எழுத்தறியாதோருக்கும் இயலும். தரம் ஐந்தில் படிக்கும் அக்கா தம்பிக்கு வாசித்துக் காட்டினால் இருவருக்கும் பயன் உண்டு. உம்மம்மாவும் பாட்டியும் அறிந்த கதைகளுக்கோ அளவே இல்லை. ஒரே புத்தகத்தையே பிள்ளை மீண்டும் மீண்டும் கேட்டால் சலிப்படையவும் வேண்டியதில்லை. ஒவ்வொரு முறையும் அது ஒரு புதிய சொல்லைப் பிடித்துக்கொள்கின்றது.

உலகின் பல பாகங்களில் இம்முயற்சிக்குப் பொது அமைப்புகள் கைகொடுக்கின்றன. இங்கிலாந்தின் பேர்மிங்ஹாம் நகரில் 1992ஆம் ஆண்டில் 300 குடும்பங்களுடன் ஆரம்பிக்கப்பட்ட "புக்ஸ்டார்ட்" திட்டம் கைக்குழந்தைகளுக்குப் புத்தகங்களை இலவசமாக வழங்கியது. பிறந்தது முதலே குழந்தைக்கு வாசித்துக் காட்டுமாறு பெற்றோருக்கு ஆலோசனை கூறவேண்டும் என அமெரிக்கக் குழந்தை மருத்துவர் கழகம் 2014ஆம் ஆண்டில் தன் உறுப்பினர்களைக் கேட்டுக்கொண்டது. இலங்கையில் 2005ஆம் ஆண்டில் பணியை ஆரம்பித்த "ரூம் டு ரீட்" அமைப்பு சிங்களத்திலும் தமிழிலும் சிறுவர் நூல்களை வெளியிட்டுள்ளது. இந்தியாவின் பிரதம் புக்ஸ் நிறுவனம் 2015ஆம் ஆண்டில் தொடங்கிய "ஸ்டோரிவீவர்" இணையத்தளத்தில் தமிழ்ப் படக்கதைகளை இலவசமாகப் பெறலாம். ஆனால் கைத்தொலைபேசியைப் பிள்ளையிடம் கொடுத்துவிட்டு எழுந்து செல்வது வாசித்துக் காட்டுவதாகாது. திரையாயினும் தாளாயினும் பெரியவர் அருகில் இருத்தல் வேண்டும்.

எமது பிரதேச சபை நூலகங்கள் சிறுவர் பகுதிக்குத் தமிழ்ப் படப் புத்தகங்களையும் போதியளவு வாங்கவேண்டும். முன்பள்ளிகள் வார இறுதியில் ஒரு புத்தகத்தைப் பிள்ளையுடன் வீட்டிற்கு அனுப்பலாம். கோவிலும் பள்ளிவாசலும் தமது மண்டபத்தில் ஓர் அலுமாரியைச் சிறுவர்களுக்கென ஒதுக்கலாம். ஒக்டோபர் மாதம் வாசிப்பு மாதமாக அனுட்டிக்கப்படுகின்றது. ஆனால் பதாகையும் பேச்சுப் போட்டியும் முடிந்த பின் எஞ்சும் பதினொரு மாதங்களில்தான் பிள்ளை வளர்கின்றது.

இன்னும் எழுதப்படாத புத்தகம்

மீண்டும் பல்லேகமவை நோக்குவோம். களு கங்கை நீர்த்தேக்கத்தில் 2018ஆம் ஆண்டில் நீர் நிரப்பப்படத் தொடங்கியது. பழைய நகரம் நீரினுள் மறைந்தது. 2019ஆம் ஆண்டில் புதிய லக்கல நகரம் திறந்து வைக்கப்பட்டது. அதன் பின் பிறந்த பிள்ளைகள் இன்று தரம் ஒன்றின் வயதை எட்டுகின்றனர். தம் தாய் தந்தையர் நடந்த வீதியையோ, சாமான் வாங்கிய கடையையோ அவர்கள் கண்டதில்லை. அவர்கள் காண்பது பரந்த நீர்ப்பரப்பை மாத்திரமே.

அப்பழைய ஊரின் கதையை எந்தப் பதிப்பகமும் அச்சிட்டு அனுப்பும் என்று காத்திருக்கத் தேவையில்லை. ஓர் அப்பியாசக் கொப்பியும் சில வர்ணப் பென்சில்களும் போதும். தந்தை வீதியைக் கீறட்டும்; பாட்டி கடையின் கதையைச் சொல்லட்டும்; அக்கா பக்கத்திற்கு ஒரு வரி எழுதட்டும்; சின்னவன் வர்ணம் தீட்டட்டும். அதுவே அவ்வீட்டின் முதற் படப் புத்தகமாக அமையும். பல்லேகமவிற்கு மாத்திரம் உரிய யோசனையன்று இது. தோட்டத்தை விட்டு வந்த குடும்பத்திற்கும், யுத்தத்தால் இடம்பெயர்ந்த குடும்பத்திற்கும், 1990ஆம் ஆண்டில் வடக்கிலிருந்து வெளியேற்றப்பட்ட முஸ்லிம் குடும்பத்திற்கும் பிள்ளைக்குக் காட்டவேண்டிய ஓர் ஊர் உண்டு.

இன்றிரவு விளக்கை அணைக்குமுன் பத்து நிமிடம் ஒதுக்குவோம். ஒரு படத்தைக் காட்டி, "இது எங்கள் வீட்டில் எங்கே இருக்கிறது?" என்று பிள்ளையிடம் கேட்போம். தரம் ஒன்றின் வாசலில் அப்பிள்ளை வெறுங்கையுடன் நிற்கமாட்டாது.