சிக்கனமும் சிற்றுண்டியும்

சிக்கனம் என்பது வயிற்றைச் சுருக்குதல் அன்று. உண்ணாத பொருளுக்கு விலை கொடாமையேயாம். கடைக் காய்கறியின் விலையில் தரகர் கூலியும் அடங்கும். 1999-ஆம் ஆண்டு மதுரையில் முதன்முதல் தொடங்கப்பெற்ற உழவர் சந்தை முறையில் உழவரே தம் விளைவை விற்பதால் அக்கூலி நீங்குகின்றது. மன்னார்புரத்தில் வாழும் நமக்குத் தென்னூரில் அத்தகைய சந்தை உண்டு.

அவ்வாறே, பொட்டலத் தின்பண்டத்தின் விலையில் உறையும் விளம்பரமும் அடங்கும். அவற்றை நம் குழந்தைகள் உண்பதில்லை. வறுத்துத் தோல் நீக்கிய நிலக்கடலையை வெல்லப் பாகிற் கலந்து, கையில் அரிசிமாவைத் தடவிக்கொண்டு, சூடு ஆறுமுன் உருட்டி வைப்போமாயின், எண்ணெய்ச் செலவும் இல்லை. 100 கிராம் நிலக்கடலையில் ஏறத்தாழ 25 கிராம் புரதம் உண்டு. காசு மிஞ்சுவதினும், வளரும் பிள்ளைகள் நல்லுணவு பெறுவதே நாம் அடையும் பேரூதியமாம்.