ஆய்வுத் தரவுகளும் மீள்பரிசோதனையும்

ஆய்வுக் கட்டுரையொன்றை வாசிப்போர் பொதுவாகக் காண்பது அதன் முடிவுகளையே. அம்முடிவுகளுக்கு ஆதாரமான தரவுகளும், அவை தெரிவுசெய்யப்பட்டுக் கணிக்கப்பட்ட முறையும் ஆய்வாளரின் கோப்புகளிலேயே தங்கிவிடுகின்றன. இயற்கை விஞ்ஞானங்களிற் பரிசோதனையை மீண்டும் நிகழ்த்திப் பார்க்க ஓரளவேனும் வாய்ப்புண்டு. பொருளியலாளன் வரலாற்றை மீண்டும் நிகழ்த்த இயலாது. கணக்கை மட்டுமே மீண்டும் செய்யலாம். அக்கணக்கு மறைந்திருப்பின் நேர்வது யாது என்பதற்கு அண்மைக்கால உதாரணமொன்று உண்டு.

2010ஆம் ஆண்டில் கார்மென் றைன்ஹார்ட், கெனத் றொகோவ் என்னும் இரு அமெரிக்கப் பொருளியலாளர், அரசாங்கக் கடனுக்கும் பொருளாதார வளர்ச்சிக்கும் உள்ள தொடர்பு பற்றிச் சிறு கட்டுரையொன்றை வெளியிட்டனர். 1946 முதல் 2009 வரை 20 முன்னேறிய நாடுகள் அதில் ஆராயப்பட்டன. கடன் மொத்த உள்நாட்டு உற்பத்தியின் 90 சதவீதத்தைத் தாண்டுமிடத்து, சராசரி வளர்ச்சி வீதம் -0.1 ஆகச் சரிகின்றது என்பது அதன் முக்கிய முடிவு. 2008ஆம் ஆண்டு நிதி நெருக்கடியின் பின் அரசாங்கச் செலவினைக் குறைக்க முனைந்தோர்க்கு இவ்வெண் பெருந்துணையாயிற்று. அமெரிக்கக் காங்கிரசில் போல் றயனும், ஐரோப்பிய ஆணைக்குழுவில் ஒல்லி றேனும் இதனை எடுத்தாண்டனர். நலச் செலவுகள் வெட்டப்பட்டமைக்கு இக்கட்டுரையே காரணம் என்பது மிகைக்கூற்று. வெட்டுவதென முன்னரே துணிந்தோர்க்கு அது விஞ்ஞானத்தின் சான்றிதழை வழங்கியது என்பதே பொருந்தும்.

மசாசூசெற்ஸ் பல்கலைக்கழகப் பட்டப்பின்படிப்பு மாணவரான தோமஸ் ஹேர்ன்டன், வகுப்புப் பயிற்சிக்காக இம்முடிவை மீளப் பெற முயன்றார். ஆசிரியர்கள் வெளியிட்டிருந்த தரவுகளைக் கொண்டு எவ்வாறு கணித்தும் அவ்வெண் கிட்டவில்லை. ஈண்டு ஒன்று மனங்கொள்ளத்தக்கது. மூலத்தரவுகள் பெரும்பாலும் வெளிப்படையாகவே இருந்தன. கணித்த முறையே வெளிப்படவில்லை. ஹேர்ன்டன் கேட்டபோது, 2013ஆம் ஆண்டில், ஆசிரியர்கள் தம் கணினிக் கணக்குத்தாளையே அனுப்பிவைத்தனர். இது அவர்தம் நேர்மைக்குச் சான்று. ஆயின் மூன்றாண்டுகளாக அத்தாளைப் பிறர் காணாமலே உலக அரங்கில் அம்முடிவு மேற்கோளாக வழங்கிவந்தது.

தாளைத் திறந்தபோது சராசரிக்கான சூத்திரம் ஐந்து வரிகளை விட்டுவிட்டமை தெரிந்தது. அகரவரிசையில் முதலில் நின்ற அவுஸ்திரேலியா, ஒஸ்திரியா, பெல்ஜியம், கனடா, டென்மார்க் ஆகியன கணக்கிற் சேரவில்லை. பத்திரிகைகள் இதனையே பெரிதுபடுத்தின. உண்மையில் இத்தவறால் ஏற்பட்ட வேறுபாடு ஏறத்தாழ 0.3 சதவீதப் புள்ளி மாத்திரமே. பெரிய வேறுபாடு தெரிவிலும் நிறையிடலிலும் விளைந்தது. நியூசிலாந்தின் கடன் 90 சதவீதத்திற்கு மேலிருந்த ஐந்து ஆண்டுகளில் 1946 முதல் 1949 வரையிலான நான்கும் விடப்பட்டு, வளர்ச்சி -7.6 ஆகவிருந்த 1951 மட்டுமே எஞ்சியது. ஐந்தையும் சேர்ப்பின் அந்நாட்டின் சராசரி 2.6 ஆகும். அவ்வோராண்டுக்கும், பிரித்தானியாவின் 19 ஆண்டுகளுக்கும் சம நிறை அளிக்கப்பட்டிருந்தது. ஹேர்ன்டனும் அவரது ஆசிரியர்களான மைக்கேல் ஆஷ், றொபேட் பொலின் ஆகியோரும் கணக்கைத் திருத்தியபோது -0.1 என்பது 2.2 ஆயிற்று. 90 சதவீதத்தில் நிகழ்வதாகக் கூறப்பட்ட திடீர்ச் சரிவு மறைந்தது.

கணக்குத்தாளின் தவறை றைன்ஹார்ட்டும் றொகோவும் ஒப்புக்கொண்டனர், மற்றையவற்றை மறுத்தனர். விடப்பட்ட ஆண்டுகளின் தரவு அப்போது முற்றாகச் சரிபார்க்கப்படவில்லை என்றும், நாடுகளுக்குச் சம நிறை அளித்தல் ஏற்புடைய முறையே என்றும் வாதித்தனர். பின்னைய வாதத்தை எளிதில் ஒதுக்கிவிடவியலாது. நிறையிடும் முறை எதுவாயினும் அதற்குக் காரணம் காட்டலாம். ஆனால் அக்காரணம் விவாதத்திற்கு வந்தது கணக்குத்தாள் பிறர் கைக்கு வந்த பின்னரே.

ஹேர்ன்டன் குழுவினர் தம் கட்டுரையுடன் தரவுகளையும் கணிப்பு நிரலையும் சேர்த்தே வெளியிட்டனர். அவற்றை எடுத்து அதே பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த அரிந்தரஜித் டூபே வேறொரு வினாவை எழுப்பினார்: கடன் வளர்ச்சியைக் குறைக்கின்றதா, வளர்ச்சி குறைந்தமையாற் கடன் பெருகுகின்றதா? கடன் விகிதம் பின்வரும் ஆண்டுகளின் வளர்ச்சியிலும் பார்க்க முந்திய ஆண்டுகளின் வளர்ச்சியுடனேயே நெருங்கிய தொடர்புடையதாக அத்தரவுகளிற் காணப்பட்டது.