பி.ஏ. தேறிவிட்டாள், அப்புறம்?

பார்வையில்லாத பெண் ஒருத்தி பி.ஏ. தேறினால் வீட்டில் பாயசம் வைக்கிறோம். அண்டை வீட்டார் வந்து மெச்சிவிட்டுப் போகிறார்கள். மறு மாதம் பார்த்தால், அவள் கூடத்து மூலையில் சும்மா உட்கார்ந்திருக்கிறாள்! "இவளை எங்கே வேலைக்கு அனுப்புவது? பஸ்ஸில் எப்படிப் போவாள்?" என்று கேட்பவள் வேறு யாருமில்லை, பெற்ற தாய்தான். பாசமே சில சமயம் காலைக் கட்டிவிடுகிறது.

சென்னைப் பெண் பெனோ ஜெபைனை அறிவீர்களா? பிறவியிலேயே பார்வை இல்லாதவர். தாயார் பத்திரிகைகளையும் புத்தகங்களையும் வாசித்துக் காட்ட, கேட்டுக் கேட்டே படித்தார். ஸ்டேட் பாங்கில் அதிகாரியானார். பிறகு, 2015-ல் இந்திய வெளியுறவுப் பணியில் சேர்ந்தார். முற்றிலும் பார்வையற்ற ஒருவர் அப்பணிக்கு வந்தது அதுவே முதல் தடவை.

எல்லோருமே தூதரகத்துக்குப் போய்விட முடியுமா என்பீர்கள். வேண்டாம், வாசித்துக் காட்ட உங்களுக்கும் குரல் இருக்கிறதல்லவா?

குரல் மட்டும் போதாது. கம்ப்யூட்டர் திரையில் உள்ளதைப் படித்துச் சொல்லும் மென்பொருள்கள் இருக்கின்றன. என்.வி.டி.ஏ. என்பதற்குக் காலணா செலவில்லை, தமிழும் படிக்கும். கல்லூரி முடியட்டும் என்று காத்திராமல், பள்ளியிலேயே பழக்கிவிடுங்கள். ஆபீஸில் முதலில் கேட்பது இதைத்தான்.

சர்க்கார் உத்தியோகங்களில் மாற்றுத் திறனாளிகளுக்கு நூற்றுக்கு நான்கு இடமாவது ஒதுக்க வேண்டும் என்பது 2016-ஆம் வருஷத்துச் சட்டம். குறைபாடு 40 சதவிகிதத்துக்குக் குறையாமல் இருப்பதாகச் சான்றிதழ் வேண்டும். அதை விண்ணப்பத்தின் கடைசி நாளில் தேடி ஓடாதீர்கள்!

பரீட்சையில் விடை எழுத ஆள் வைத்துக்கொள்ளலாம். மணிக்கு 20 நிமிஷமாவது கூடுதல் அவகாசம் தர வேண்டும் என்று மத்திய சர்க்கார் 2018-ல் விதி வகுத்திருக்கிறது. ஆனால் சொல்லி எழுத வைப்பது தனி வித்தை. மனத்தில் ஓடும் வேகத்துக்கு எதிரிலிருப்பவர் கை ஓடாது. கணக்கு என்றால் கேட்கவே வேண்டாம். ஞாயிற்றுக்கிழமைதோறும் தங்கையை உட்கார வைத்து, கடிகாரத்தைப் பார்த்துப் பழகட்டும்.

இனி, அந்த பஸ். கைக்கோலுடன் நடக்க முறையான பயிற்சி பெற்ற பின், முதல் வாரம் பத்தடி பின்னால் நீங்களும் போங்கள். அவளிடம் சொல்லிவிட்டே போங்கள். அடுத்த வாரம் பஸ் நிறுத்தத்தோடு திரும்பிவிடுங்கள். வயிற்றைப் பிசையத்தான் செய்யும். சாயங்காலம் அவள் வரும் வரை வாசலிலேயே நிற்காமல், அடுப்பில் ஏதாவது வேலை வைத்துக்கொள்ளுங்கள்.